கான்வென்ட்டில் படித்த ஆண் பிள்ளைகள்: பேர் பெற்றவர்கள் யார் யார்?

தெயின்பியூ மகள்:
எல்லோருக்கும் வணக்கம். யாங்கூனிலிருந்து (பழைய ரங்கூன்) எழுதுகிறேன். எங்கள் கோயில் பங்கின் ஆண்டுமலருக்கு ஒரு கட்டுரை தருவதாக ஒப்புக்கொண்டிருக்கிறேன். கன்னியர் நடத்திய பெண்கள் பள்ளியில் சின்ன வயதில் படித்து, பின்னால் பேர் வாங்கிய ஆண்களைப் பற்றி எழுத ஆசை.

காரணம் என் அப்பா. அத்தைமாரோடு சேர்த்து அவரையும் இங்கே ஒரு கான்வென்ட்டில்தான் விட்டார்கள். மூன்றாம் வகுப்பு வரை அங்கே, அப்புறம் ஆண்கள் பள்ளியான செயின்ட் பால்ஸ். எழுபது வயதிலும் சட்டைப் பொத்தான் அறுந்தால் தானே தைத்துக்கொள்வார். மதர்மார் ஆண், பெண் பார்க்காமல் எல்லோர் கையிலும் ஊசியைக் கொடுத்தார்களாம். ஆனால் யாராவது எங்கே படித்தீர்கள் என்று கேட்டால் 'செயின்ட் பால்ஸ்' என்பதோடு நிறுத்திவிடுவார். எனக்கு அது மனதுக்கு ஒப்பவில்லை. கையைப் பிடித்து முதல் எழுத்தை எழுத வைத்தவர்களுக்கு அந்தப் பதிலில் இடம் வேண்டாமா?

எனக்குத் தெரிந்தது சினிமா இயக்குநர் ஆல்ஃபிரட் ஹிட்ச்காக் ஒருவர்தான். 1899-இல் லண்டனில் காய்கறிக் கடைக்காரர் வீட்டில் பிறந்தவர். பாப்லரில் ஹவுரா ஹவுஸ் என்ற கன்னியர் பள்ளிக்குப் போயிருக்கிறார். வேறு யார் இருக்கிறார்கள்?

மோல்மேன்காரர்:
அம்மா, நம்ம ஊர்த் தொடர்போடு ஒருவர் இருக்கிறாரே! நகைச்சுவைக் கலைஞர் ஸ்பைக் மில்லிகன். 1918-இல் அகமத்நகரில் பிறந்தவர், அப்பா பிரிட்டிஷ் இந்தியப் படையில் இருந்த ஐரிஷ்காரர். பூனாவில் ஜீசஸ் அண்ட் மேரி கான்வென்ட்டில் படித்தார். பிறகு குடும்பம் ரங்கூனுக்கு வந்ததும் உங்கள் அப்பா படித்த அதே செயின்ட் பால்ஸ்தான். 1951 முதல் 1960 வரை பிபிசி வானொலியில் வந்த 'கூன் ஷோ'வை எழுதி நடித்தவர் அவர்.

பூனா கான்வென்ட்டில் கிறிஸ்துமஸ் நாடகத்தில் அவருக்குக் கோமாளி வேடம். குடில் காட்சியில் கோமாளிக்கு இடமில்லை என்று சொல்லியிருந்தார்கள். பிள்ளை கேட்கவில்லை. கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய்க் குழந்தை இயேசு பக்கத்தில் நின்றுகொண்டான். அவர் முதன்முதலில் மேடை ஏறியதே அங்கேதான். கட்டுரையில் இதை விட்டுவிடாதீர்கள்.

அந்தக் கான்வென்ட்டை நடத்திய ஜீசஸ் அண்ட் மேரி கன்னியர் சபையைப் பற்றியும் இரண்டு வரி சேருங்கள். பிரான்சில் லியோன் நகரத்தில் 1818-இல் கிளாடின் தெவெனே தொடங்கியது. 1842-இல் ஆக்ராவுக்கு வந்தார்கள். 1993-இல் அவருக்குப் புனிதர் பட்டம் கிடைத்தது.

வடசென்னை வாசகி:
எழுத்தாளர் ரஸ்கின் பாண்டும் முசூரியில் கொஞ்ச காலம் கான்வென்ட்டில் இருந்தார். ஆனால் அவருக்கு அது பிடிக்கவில்லை. அதையும் உள்ளபடியே எழுதுங்கள் அக்கா. எல்லாப் பிள்ளைக்கும் கான்வென்ட் இனிக்கவில்லை.

இன்னொன்று. பெண்கள் பள்ளியின் பெருமையைச் சொல்லும்போது ஆண்களைத் தேடிப் போவது எனக்குச் சரியாகப் படவில்லை. ரங்கூன் செயின்ட் பிரான்சிஸ் கான்வென்ட்டில் பர்மாவின் அரசியல் தலைவர் ஆங் சான் சூ சீ படித்தாரே, அவரை முதலில் போடுங்கள்.

மோல்மேன்காரர்:
தங்கச்சி சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஆனால் 1965-இல் பர்மா அரசு தனியார் பள்ளிகளை எடுத்துக்கொண்டது. மறு வருடம், சுதந்திரத்துக்குப் பிறகு வந்த வெளிநாட்டு மிஷனரிகளை நாட்டை விட்டு அனுப்பியது. செயின்ட் பால்ஸ் பொட்டாட்டவுங் 6-ஆம் எண் உயர்நிலைப் பள்ளி ஆனது. அதற்கு முன் கான்வென்ட்டுகளின் சின்ன வகுப்பில் உட்கார்ந்த பையன்களை இன்று யார் நினைக்கிறார்கள்? அவர்களே எழுபதைத் தாண்டிவிட்டார்கள். இப்போது கேட்காவிட்டால் எப்போது கேட்பது?

தெயின்பியூ மகள்:
ரொம்ப நன்றி ஐயா. மில்லிகன் விஷயத்தை அப்பாவிடம் படித்துக் காட்டினேன். 'நம்ம ஸ்கூலா!' என்று கேட்டுவிட்டு, தன் கான்வென்ட்டைப் பற்றி ராத்திரி பத்து மணி வரை பேசினார். ஜெபமாலை சொல்லிக்கொடுத்த மதர், சைக்காரில் (சைக்கிள் ரிக்‌ஷாவில்) மூன்று பேர் நெருக்கிக்கொண்டு போனது, எல்லாம் வந்தது. எழுதி வைத்துக்கொண்டேன்.

தங்கச்சி, சூ சீ பெயர் கட்டாயம் வரும். ஆனால் கட்டுரை பையன்களைப் பற்றித்தான் இருக்கும். அந்தக் கன்னியர் தங்கள் பிள்ளைகளாகவே அவர்களை வளர்த்தார்கள், பழைய மாணவர் பட்டியலில் அவர்களும் இருக்க வேண்டும் என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன்.

1965-க்கு முன் எடுத்த சின்ன வகுப்புப் படம் யார் வீட்டிலாவது இருந்தால் சொல்லுங்கள். ரங்கூன், மோல்மேன், மேமியோ எந்த ஊராக இருந்தாலும் சரி. பின்பக்கத்தில் பெயர் எழுதியிருந்தால் அந்தப் பக்கத்தையும் சேர்த்துப் படம் எடுத்து அனுப்புங்கள்.