புதுப்பிப்பு: 0.1 கூட்டல் சிக்கல் தீர்ந்தது

சிமுலேஷனில் படிக்குப் படி 0.1 விநாடி கூட்டினால் கடிகாரம் விலகுகிறது, 32 பிட் ஃப்ளோட்டை (புள்ளி வைத்த எண்களுக்கான வகை) விட்டு எதற்கு மாறலாம் என்று கேட்டிருந்தேன். பலரும் டபுள் (64 பிட் ஃப்ளோட்) என்றீர்கள். மாற்றியதில் விலகல் சுருங்கியது, போகவில்லை. கணினி எண்ணும் இரண்டடிமானத்தில் (பைனரி) 0.1 முடிவில்லாத பின்னம். எத்தனை பிட் கொடுத்தாலும் எங்காவது வெட்டித்தான் ஆக வேண்டும்.

இப்போது படிகளை 64 பிட் முழு எண்ணாக எண்ணி, நேரம் தேவைப்படும்போது மட்டும் 10-ஆல் வகுக்கிறேன். ரவுண்டிங் ஒரே முறைதான், பிழை சேர வழியில்லை. (0.1-ஆல் பெருக்காதீர்கள்: டபுளில் 3 × 0.1 என்பது 0.30000000000000004!)

அளவீடுகளின் கூட்டுத்தொகைக்கு மட்டும் டபுளும் கஹான் கூட்டல்முறையும் (ஒவ்வொரு கூட்டலிலும் விடுபடும் சிறு பிழையைக் கணக்கிட்டு அடுத்த கூட்டலில் திருத்துவது). கம்பைலரில் ஃபாஸ்ட் மேத் தேர்வை (வேகத்துக்காகக் கணக்குகளை மாற்றியமைப்பது) அணைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் கஹான் முறையின் திருத்தக் கணக்கையே பூஜ்யம் என்று கம்பைலர் நீக்கிவிடக்கூடும்.