6 அடி 3 அங்குல உயரத்துக்கு ஹிமாலயன் 450: முதலில் சீட்டா, ஹேண்டில்பாரா?

திருச்சி ரைடர்:
வணக்கம் நண்பர்களே. என் உயரம் 6 அடி 3 அங்குலம், எடை 92 கிலோ. வண்டி ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன் 450. ஊருக்குள் ஓட்ட எந்தச் சிரமமும் இல்லை. கன்னியாகுமரி பக்கம் கிளம்பினால் மட்டும் மதுரை வருவதற்குள் முட்டி வலிக்க ஆரம்பித்துவிடும். அப்புறம் தோள்பட்டைக்கு நடுவே எரிச்சல், சுண்டு விரலும் மோதிர விரலும் மரத்துப் போகின்றன. பிரேக் பிடிக்கும்போதெல்லாம் சீட்டில் முன்னால் சரிகிறேன். ஒரு கடையில் ஹேண்டில்பாரை 50 மி.மீ. உயர்த்திப் பின்னாலும் இழுக்கும் ரைசர் (அடியில் வைக்கும் உயர்த்தும் கட்டை) போட்டால் எல்லாம் சரியாகும் என்கிறார்கள். போடலாமா?

மலைப்பாதை:
ப்ரோ, சீட் எந்த உயரத்தில் இருக்கிறது? அந்த வண்டியில் 825 மி.மீ., 845 மி.மீ. என்று இரண்டு அமைப்பு உண்டு. ஷோரூமில் பெரும்பாலும் தாழ்ந்த அமைப்பில்தான் தருவார்கள்.

திருச்சி ரைடர்:
பார்த்தேன், 825இல்தான் இருக்கிறது.

மலைப்பாதை:
அப்படியானால் ரைசரை இப்போதைக்கு மறந்துவிடுங்கள். எனக்கும் 6 அடி 2 அங்குலம், ஊட்டி, வால்பாறை என்று பல வருடமாக டூரிங் ஓட்டுகிறேன். உயரமானவர்கள் எப்போதும் காலில் தொடங்கி மேலே வர வேண்டும். சீட்டுக்கும் ஃபுட்ரெஸ்ட்டுக்கும் உள்ள தூரம்தான் முட்டி எவ்வளவு மடங்கும் என்பதைத் தீர்மானிக்கிறது. ஹேண்டில்பாரை எங்கே வைத்தாலும் முட்டி வலி போகாது. சீட்டை உயர்த்தினால் உங்கள் தோளும் அதே அளவு மேலே போகும், கைப்பிடி அந்த அளவுக்குத் தாழ்ந்ததாகிவிடும். அதனால் சீட்டை முடிவு செய்த பிறகுதான் ஹேண்டில்பாருக்கு எவ்வளவு உயரம் தேவை என்றே தெரியும்.

845க்கு மாற்றுங்கள். அதற்கு மேலும் வேண்டுமா என்று பார்க்க, சீட் மேல் யோகா மேட்டை மடித்துக் கட்டி ஒரு மணி நேரம் ஓட்டிப் பாருங்கள். இதற்குச் செலவே இல்லை.

விரல் மரத்துப் போவதற்கு முன்னால் சரிவதுதான் காரணமாக இருக்கும் என்று நினைக்கிறேன். சரியும் உடம்பை உள்ளங்கை தாங்குகிறது. சுண்டு விரல் பக்கம் போகும் நரம்பு உள்ளங்கையின் ஓரத்தில் அழுந்துகிறது. சீட்டின் முன்சரிவைச் சமமாக்கினாலே இது பாதி குறையும்.

கிரீஸ் கை:
பட்டறைக்காரனாகச் சில விஷயங்கள் சொல்கிறேன் தம்பி. பின்னால் இழுக்கும் ரைசர் உங்களுக்கு வேண்டாம். கை நீளமானவர்களுக்குக் கைப்பிடி மார்புக்குப் பக்கத்தில் வந்தால் முதுகு கூன் விழும், எழுந்து நின்று ஓட்டும்போது முட்டி ஹேண்டிலில் இடிக்கும். நேராக மேலே மட்டும் தூக்குவது போதும். 25 அல்லது 30 மி.மீ.க்கு மேல் போகாதீர்கள். 50 போட்டால் கிளட்ச் கேபிளும் பிரேக் ஹோஸும் இழுபடும்.

ரைசருக்கு முன்னால் ஹேண்டில்பாரைச் சற்றே சுழற்றிப் பாருங்கள். இப்போது இருக்கும் இடத்தில் ஒரு மார்க்கர் கோடு போட்டுவிட்டு, கிளாம்ப் போல்ட்டுகளைத் தளர்த்துங்கள். கழற்ற வேண்டியதில்லை. சில மி.மீ. திருப்பினாலே மணிக்கட்டின் கோணம் மாறும். பிறகு கிளட்ச், பிரேக் லீவர்களைத் தனியாகச் சரிசெய்யுங்கள்: சீட்டில் உட்கார்ந்து கையை நீட்டினால் முழங்கையிலிருந்து விரல் நுனி வரை ஒரே கோட்டில் லீவர் மேல் விழ வேண்டும். உயரமானவர்களுக்கு லீவர் கீழ்நோக்கி இருப்பதே பொருந்தும். பல வண்டிகளில் சுவிட்ச் பெட்டிக்குள் ஒரு சின்ன முளை ஹேண்டில்பாரின் ஓட்டையில் உட்கார்ந்திருக்கும், அதை முரட்டுத்தனமாகத் திருப்பினால் உடைந்துவிடும்.

ரைசர் போட்டால் போல்ட் விஷயத்தில் கஞ்சத்தனம் கூடாது. பழைய போல்ட் எவ்வளவு ஆழம் மரையில் ஏறியதோ, புதியதும் அவ்வளவு ஏற வேண்டும். நாலு சுற்று பிடித்தால் போதும் என்று சொல்லும் கடையில் வண்டியை விடாதீர்கள். மேனுவலில் போட்டிருக்கும் அளவுக்கு டார்க் ரெஞ்ச் (இறுக்கும் விசையை அளந்து காட்டும் ஸ்பேனர்) வைத்தே இறுக்குங்கள். முடித்ததும் ஹேண்டிலை இரண்டு பக்கமும் கடைசி வரை திருப்பி, எந்தக் கேபிளும் விறைக்கிறதா, ஹோஸ் எங்காவது நசுங்குகிறதா என்று பாருங்கள். இந்த வண்டியில் ஆக்ஸிலேட்டருக்குக் கேபிள் கிடையாது, மின்கம்பிதான். அதனால் கேபிள் வண்டிகளில் நடப்பது போல ஹேண்டிலைத் திருப்பும்போது ஐடிலிங் ஏறி உங்களை எச்சரிக்காது. அந்த மின்கம்பிக் கட்டு இழுபடுகிறதா என்று கண்ணால்தான் பார்க்க வேண்டும்.

புதுப்பேட்டை பக்கம்:
சீட் வேலை செய்யப் போகிறீர்கள் என்றால், ஒரிஜினல் சீட்டை வெட்டாதீர்கள். இன்னொரு சீட் வாங்கி அதில் செய்யுங்கள், விற்கும்போது பழையது கைகொடுக்கும். சென்னை புதுப்பேட்டையில் சீட் கட்டுபவர்களிடம் போனால் மெத்தென்று இருக்கும் ஃபோமைத்தான் முதலில் காட்டுவார்கள். அழுத்திப் பார்க்க சுகமாக இருக்கும், 92 கிலோவுக்கு ஒரு மணி நேரத்தில் அடித்தட்டு வரை இறங்கிவிடும். அடியில் கெட்டியான ரீபாண்ட் ஃபோம் (துண்டு ஃபோம்களை அழுத்தி ஒட்டியது), மேலே மெல்லிய மென்ஃபோம் என்று கேளுங்கள். ஜெல் நம் வெயிலுக்குச் சரிப்படாது. மதியம் வெயிலில் நிறுத்திவிட்டு வந்தால் உட்கார முடியாது, அந்தச் சூடு சீக்கிரம் இறங்காது.

திருச்சி ரைடர்:
எல்லோருக்கும் நன்றி. 845க்கு மாற்றி, மேட் கட்டி மதுரை வரை போய் வந்தேன். முட்டியில் நல்ல வித்தியாசம், இத்தனை நாள் குட்டை முக்காலியில் உட்கார்ந்த மாதிரிதான் ஓட்டியிருக்கிறேன். லீவரைக் கீழே இறக்கியதில் விரல் மரப்பும் பெரும்பாலும் போய்விட்டது. சீட் கட்டக் கொடுக்கப் போகிறேன். தோள் எரிச்சல் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது, ஹேண்டிலுக்குக் குனிகிறேன். இப்போது 25 மி.மீ. ரைசர் சரியா? இன்னொன்று, ஹெல்மெட் முன்பைவிட அதிகமாக ஆடுகிறது.

மலைப்பாதை:
புது சீட் வந்து, அதில் ஒரு நாள் முழுக்க ஓட்டிய பிறகு ரைசர் வாங்குங்கள். ஃபோம் அமுங்கியதும் உயரம் மாறும்.

ஹெல்மெட் ஆடுவது எதிர்பார்த்ததுதான். வண்டியின் முன் வைசர், அதாவது காற்றுத் தடுப்புக் கண்ணாடியின் விளிம்பிலிருந்து கிளம்பும் கலங்கிய காற்று முன்பு மார்பில் பட்டிருக்கும், இப்போது தலை அதற்குள் போய்விட்டது. காலியான சாலையில் 80 கி.மீ. வேகத்தில் போகும்போது ஃபுட்ரெஸ்ட்டில் சற்று எழுந்து பாருங்கள். தலை மேலே போனதும் ஆட்டம் நின்றால் பிரச்சினை வைசர்தான். கிளிப் வைத்து மாட்டும் சின்னத் தடுப்பு கிடைக்கும். அதை வைசரோடு ஒட்டாமல் நடுவே இடைவெளி விட்டு மாட்டுங்கள், அந்த இடைவெளியில் காற்று போனால்தான் சுழல் அடங்கும்.

கிரீஸ் கை:
சீட் கொடுக்கும் முன் பின் ஷாக்கையும் பார்த்துவிடுங்கள் தம்பி. பின் சக்கரம் மேலும் கீழும் போகும் ஓட்டம் 200 மி.மீ. நீங்கள் லக்கேஜோடு உட்கார்ந்தால் 60 மி.மீ. அளவுக்கு இறங்கினால் சரி. அதற்கு மேல் இறங்கினால் ப்ரீலோடை (ஷாக் ஸ்பிரிங்கின் முன் அழுத்தத்தை) ஏற்றுங்கள். ஏற்றியபின் சைடு ஸ்டாண்டில் வண்டி கூடுதலாகச் சாயும், மணல் தரையில் நிறுத்தும்போது அடியில் ஒரு தட்டைக் கல் வையுங்கள்.