கவனக்குறைவு: வர்ஜீனியா டக்ளஸின் ஆய்வு எதை மாற்றியது?

கேள்வி (ஒரு தாய்):
எட்டு வயதான என் மகனுக்குக் கவனக்குறைவுக் கோளாறு (ADHD) இருப்பதாக மருத்துவர் கூறுகிறார். ஆனால் அவன் ஓடியாடித் திரிபவன் அல்லன். சன்னலைப் பார்த்தபடி அமைதியாக இருப்பவன். இக்கோளாறில் கவனக்குறைவே முதன்மையானது என்று காட்டியவர் கனடாவின் உளவியலாளர் வர்ஜீனியா டக்ளஸ் என்று படித்தேன். அவர் கண்டறிந்தது என்ன?

மறுமொழி 1:
அம்மா, 1960களில் மருத்துவர்கள் பெரும்பாலும் இக்குழந்தைகளின் மிகைத் துறுதுறுப்பையே நோயின் மையமாகக் கருதினார்கள். மான்ட்ரியலின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய டக்ளஸ், அவர்களைப் பல சோதனைகளில் ஈடுபடுத்திப் பார்த்து, கவனத்தை நீண்ட நேரம் நிலைநிறுத்துவதும் உந்துதலைக் கட்டுப்படுத்துவதுமே அவர்களுக்கு உண்மையில் கடினம் என்று 1972இல் எழுதினார். 1980இல் அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் கையேடு கோளாறின் பெயரையே ‘கவனக்குறைவுக் கோளாறு’ என்று மாற்றி, மிகை இயக்கம் இல்லாத வகையையும் ஏற்றது. உங்கள் மகனைப் போன்ற அமைதியான பிள்ளைகளுக்கு அந்தக் கையேட்டில் இடம் கிடைத்தது அப்போதுதான்.

மறுமொழி 2 (ஓர் ஆசிரியர்):
2007இல் மூளை வளர்ச்சியை ஆராயும் பிலிப் ஷாவின் குழு வெளியிட்ட ஆய்வையும் சேர்த்துப் பாருங்கள். மூளையின் வெளிப்படலமான புறணியின் பாதிப் பகுதி உச்சத் தடிமனை எட்டும் வயதின் இடைநிலை அளவு மற்றக் குழந்தைகளுக்கு 7.5 ஆண்டாகவும் இக்கோளாறு உள்ள குழந்தைகளுக்கு 10.5 ஆண்டாகவும் இருந்தது. வளர்ச்சியின் வரிசை மாறவில்லை, தாமதமே இருந்தது. இப்பிள்ளைகளைச் சோம்பேறி என்று வகுப்பில் அழைப்பது பெருந்தவறு என்றே கருதுகிறேன்.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி. அவனுடைய ஆசிரியரிடம் இவ்விரண்டையும் நாளை எடுத்துச் சொல்வேன்.