அமரில்லிஸ் இலை விடுகிறது, பூக்க மாட்டேன் என்கிறது

கடைசியாகப் பூத்து இரண்டு வருடத்துக்கு மேல் ஆகிறது. இலை மட்டும் வாள் மாதிரி நீளநீளமாக வருகிறது. அப்போது பூத்தது சிவப்பு, தொண்டையில் பச்சை கலந்த வெள்ளை. பூத்தண்டை வெட்டியபோது உள்ளே குழாயாக இருந்தது. உண்மையான அமரில்லிஸ் எனப்படும் பெல்லடோனாவுக்குத் தண்டு கெட்டியாக இருக்கும் என்பதால், இது அதே பெயரில் விற்கும் இன்னொரு செடியான ஹிப்பியாஸ்ட்ரம்தான் என்று நினைக்கிறேன்.

தரையில்தான் இருக்கிறது, காலை வெயில் படும். குளிரே இல்லாத ஊர், அதனால் இலை வருடம் முழுக்கப் பச்சை. கிழங்கின் கழுத்து மண்ணுக்கு மேலே தெரியும்படி மாற்றி நட்டாயிற்று. பக்கக் குட்டிகளைப் பிரித்தேன், தழைச்சத்தைக் குறைத்துச் சாம்பல் சத்து கொடுத்தேன். அழுகல் இல்லை, இலையில் சிவப்புப் புள்ளியும் இல்லை.

மிச்சம், எட்டுப் பத்து வாரம் தண்ணீரை நிறுத்துவதுதான். வெப்பமான ஊரில் வளர்ப்பவர்கள் சொல்லுங்கள்: தரையிலேயே காயவிடலாமா, இல்லை தோண்டி எடுத்துத்தான் ஓய்வு கொடுக்க வேண்டுமா?