பாலிடெக்னிக் பசங்க ராக்கெட்ல போற பேலோடு (ராக்கெட் சுமந்துட்டுப் போற கருவி) செய்ய முடியுங்களா?

பொள்ளாச்சி ஈசிஇ:
வணக்கம்ங்க, நான் டிப்ளமா ரெண்டாவது வருசம். அமெரிக்காவுல கம்யூனிட்டி காலேஜ்னு ரெண்டு வருச காலேஜ் இருக்குது, நம்மூரு பாலிடெக்னிக்காட்டத்தான், அதுல படிக்கிற பசங்களும் நாசாவோட ராக்ஆன் பயிற்சிக்குப் போயி எலக்ட்ரானிக் போர்டு சால்டர் பண்ணி, அதை வாலப்ஸ்ங்கற நாசா ஏவுதளத்துல நிஜ ராக்கெட்லயே ஏத்தி 100 கிமீக்கு மேல அனுப்புறாங்க. எங்க டிபார்ட்மெண்ட்ல கேட்டா அதெல்லாம் ஐஐடி பசங்க வேலைங்கறாங்க. எங்க கூட்டாளிங்களுக்கு அர்டுயினோ (புரோகிராம் போட்டு ஓட்டுற சின்ன போர்டு) தெரியும். எங்கிருந்து ஆரம்பிக்கிறதுங்க? ராக்கெட் மோட்டாரையும் நாங்களே செஞ்சுரலாமா?

கணபதி லேத்:
தம்பி, மோட்டார் பக்கம் போகவே வேண்டாம் சாமி. வெடிமருந்து கலக்கறது லைசென்ஸ் இல்லாம சட்டப்படி குத்தம், அதுக்கு மேல கை போயிரும். சூலூர்ல விமானப்படை, பீளமேட்டுல ஏர்போர்ட், இதுக்கு நடுவுல எதையும் மேல விடவும் முடியாது. பேலோடு செய்யுங்க, தாராளமா முடியும். கரூர் பக்கம் பள்ளப்பட்டி ரிபாத் ஷாரூக் டீம் செஞ்ச கலாம்சாட்ங்கற குட்டி சாட்டிலைட் வெறும் 64 கிராம், 2017 ஜூன் 22 வாலப்ஸ்ல போச்சு, நீ சொல்ற அந்த ராக்ஆன் பசங்க போர்டும் அதே ராக்கெட்லதான் போச்சு. பூமியைச் சுத்தல, மேல போயி கடல்ல விழற ராக்கெட் அது.

சென்சார் அக்கா:
கண்ணு, கேன்சாட்ங்கற மாதிரி சாட்டிலைட்ல ஆரம்பி. கூல்டிரிங்க்ஸ் டின் அளவுக்குள்ள சென்சார், பேட்டரி, ரேடியோ, பாராசூட் எல்லாம் அடங்கணும். இன்ஸ்பேஸ்ங்கற மத்திய அரசு விண்வெளி அமைப்புக் காரங்க கேன்சாட் போட்டி நடத்துறாங்க, டிப்ளமாவுக்கு இடம் இருக்கான்னு அந்த வருச விதியைப் படிச்சுக்க. சால்டர் இல்லாம சொருகுற பிரெட்போர்டு, ஜம்பர் ஒயர் எதுவும் வேண்டாம், அதிர்வுல முதல்ல கழண்டு வர்றது அதுதான், எல்லாத்தையும் சால்டர் பண்ணி ஒசரமா நிக்கிற கெபாசிட்டர் அடியில எபாக்சி பசை வை. லோரா (தூரத்துக்கு டேட்டா அனுப்புற ரேடியோ) வாங்குறப்ப 865-867 மெகாஹெர்ட்ஸ் மாடலாப் பாத்து வாங்கு, நம்ம நாட்டுல லைசென்ஸ் இல்லாம ஓட்டலாம், கடையில 433 கொடுப்பாங்க.

இன்னொண்ணு. கேன்சாட்டுக்கு காத்தழுத்தம் அளக்கற பிஎம்பி280 சென்சார் நல்லாப் போதும், ஆனா அது 300 ஹெக்டோபாஸ்கல் வரைக்கும்தான் அளக்கும், அதாவது 9 கிமீ ஒசரம். வாலப்ஸ் மாதிரி ராக்கெட்டுல அந்த ஒசரத்துக்கு மேல அது காட்டுற எண்ணு எதையும் நம்பக்கூடாது. முடுக்கம் அளக்கற எம்பியு6050யும் அப்படித்தான், 16 ஜி (புவியீர்ப்பு மாதிரி 16 மடங்கு) தாண்டுனா முட்டி நின்னுரும், அந்த மாதிரி ராக்கெட்டுக்கு ஏடிஎக்ஸ்எல்377 வேணும், 200 ஜி வரைக்கும் வரும். எங்க போகப்போகுதுன்னு தெரிஞ்ச பொறவுதான் சென்சார் வாங்கணும், நெறையப் பேரு தலைகீழாப் பண்றாங்க.

பொள்ளாச்சி ஈசிஇ:
ரொம்ப நன்றிங்க்கா. அதிர்வு டெஸ்ட்டுக்கு மெசினு எங்கீங்க போறது?

கணபதி லேத்:
பவுண்டரி லேப்ல மணல் சலிக்கிற ஷேக்கர் இருக்கும், அதுல கட்டி ஓட்டு. ராக்கெட் அதிர்வுக்கு அது ஈடாகாது, ஆனா எந்த ஸ்குரூ லூசுன்னு உடனே தெரிஞ்சிரும். எங்க ஏரியா பவுண்டரிகள்ல சொல்லி வெக்கறேன், ஒரு சனிக்கெழமை வாங்க. அலுமினிய டப்பா கடையறதும் நம்ம பட்டறையிலயே பாத்துக்கலாம்.

திருப்பூர் கட்டிங்:
பாராசூட்டுக்கு ரிப்ஸ்டாப் நைலான் துண்டு நான் தர்றேன் தம்பி. 350 கிராம் எடை செகண்டுக்கு 5 மீட்டர்ல எறங்கணும்னா சுமாரு 60 செமீ விட்டம் வேணும், நடுவுல சின்ன ஓட்டை விடு, இல்லீன்னா ஊஞ்சலாடும். உங்க டப்பா எத்தன கிராம்னு எடை போட்டுச் சொல்லு, அதுக்குத் தக்க வெட்டித் தர்றேன்.