‘லிங்க்டு டேட்டா ஆப்ஜெக்ட்’: ஓரப் பலகத்தின் தலையில் என்ன எழுதுவது?

எல்லோருக்கும் வணக்கம்.

நாம் தமிழாக்கும் நீட்சியில் (அலுவலக மென்பொருளோடு சேர்க்கும் கூடுதல் வசதியில்), வேறு கோப்பிலிருந்து ஆவணத்துக்குள் கொண்டுவந்த அட்டவணை போன்றவற்றைக் கவனிக்க ஓர் ஓரப் பலகம் இருக்கிறது. அதற்கும் அதன் பொத்தான்களுக்கும் என்ன பெயர் வைப்பது என்பதுதான் கேள்வி. இந்த இழையில் இதுவரை வந்த பரிந்துரைகளை ஒரே மூச்சில் படித்தேன். அதில் நீளமானது ‘இணைக்கப்பட்ட தரவுப் பொருள் மேலாண்மைப் பக்கப் பலகம்’. இலக்கணத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் திரையின் வலது ஓரத்தில் நாலு விரல் அகலத்துக்கு நிற்கும் பலகத்தின் தலையில் இதை எழுதினால் ‘இணைக்கப்பட்ட தர’ என்பதோடு மூன்று புள்ளி விழுந்துவிடும். மிச்சத்தைப் படிக்க மவுசை மேலே கொண்டுபோய்க் காத்திருக்க வேண்டும்.

பெயர் அப்புறம். அது என்ன வேலை செய்கிறது என்று முதலில் பார்த்துவிடலாம்.

நான் இருப்பது பாலக்காட்டுச் சித்தூர் தாலுகாவில், கொழிஞ்சாம்பாறைப் பக்கம். (ஆந்திரச் சித்தூர் என்று நினைத்துக்கொள்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.) இங்கே பாசன விவசாயிகளுக்குக் காகித வேலை பார்த்துக் கொடுக்கிறேன். 1970-ஆம் ஆண்டுப் பரம்பிக்குளம்-ஆழியாறு ஒப்பந்தப்படி ஜூலை 1 முதல் அடுத்த ஜூன் 30 வரைக்குள் மணக்கடவு அணைக்கட்டில் கேரளத்துக்கு 7.25 டி.எம்.சி. வந்து சேர வேண்டும். இதுவரை வந்தது எவ்வளவு, பாக்கி எவ்வளவு என்ற கணக்கு ஒரே ஒரு கால்க் தாளில் (லிப்ரேஆஃபிஸ் அலுவலக மென்பொருளின் கணக்குத் தாளில்) இருக்கிறது. அந்த அட்டவணை மூன்று இடத்தில் தலைகாட்டும்: தமிழ் மனு, மலையாள மனு, ஊர் நோட்டீஸ். தமிழ் மனு எதற்கு என்று கேட்பவர்களுக்கு: 1969-ஆம் ஆண்டுக் கேரள ஆட்சிமொழிச் சட்டம், தமிழர் அதிகம் வாழும் பகுதிகளின் அரசு அலுவலகங்களுக்குத் தமிழிலேயே எழுத இடம் கொடுத்தது. கொடுத்திருக்கிற இடத்தைப் பயன்படுத்தாவிட்டால் அது நாளடைவில் இல்லாமல் போகும்.

அட்டவணையை மூன்று ஆவணத்திலும் தனித்தனியாகத் தட்டினால் மூன்றும் மூன்று கணக்குச் சொல்லும். அதனால்தான் தாளிலிருந்து எடுத்து, ‘லிங்க்’ ஆக ஒட்டுகிறோம். இந்த இடத்தில்தான் கவனம் வேண்டும். அப்படி ஒட்டும்போது ஆவணத்துக்குள் போவது இரண்டு: அந்தத் தாள் எங்கே இருக்கிறது என்ற முகவரி, கடைசியாகப் பார்த்தபோது அது எப்படி இருந்தது என்ற ஒரு தோற்றம். ஆவணத்தை மறுபடி திறந்தால் ‘புதுப்பிக்கட்டுமா?’ என்று மென்பொருள் கேட்கும். வேண்டாம் என்றால் பழைய தோற்றமே நிற்கும். தாளை வேறு உறைக்கு (ஃபோல்டருக்கு) மாற்றியிருந்தாலும் கதை அதுதான். மூலம் கிடைக்காது, ஆனால் அட்டவணை ஒன்றுமே நடக்காதது போல அங்கேயே உட்கார்ந்திருக்கும். பார்த்தால் வித்தியாசம் தெரியாது.

இதற்கு எதிர்ப்பக்கம் ‘எம்பெட்’ செய்வது. அதில் முழுத் தாளும் ஆவணத்துக்குள்ளேயே ஒரு படியாகப் போய்விடும்; வெளியே இருக்கும் தாள் மாறினாலும் உள்ளே இருப்பது மாறாது. சந்தேகம் இருப்பவர்கள் ஒரு டாக்எக்ஸ் கோப்பை (வேர்டு ஆவணத்தை) ஜிப் கோப்பு போல விரித்துப் பாருங்கள். எம்பெட் செய்தவை ‘எம்பெடிங்ஸ்’ என்ற உறைக்குள் கிடக்கும். லிங்க் செய்தவற்றுக்கு ‘ரெல்ஸ்’ என்ற பட்டியலில் ‘எக்ஸ்டர்னல்’ என்ற குறிப்போடு ஒரு வரி முகவரி இருக்கும்.

இவற்றைக் கவனிக்கும் வசதி வேர்டில் ‘ஃபைல்’, ‘இன்ஃபோ’ என்று போய் மூலையில் தேட வேண்டிய இடத்தில் இருக்கிறது. லிப்ரேஆஃபிஸில் ‘எடிட்’ பட்டியிலிருந்து திறக்கும் ஒரு தனிச் சாளரம். இரண்டுமே ஆவணத்தை மறைத்துக்கொண்டு நடுவில் வந்து நிற்பவை. எந்த அட்டவணையைப் புதுப்பிக்கப் போகிறோம் என்று பார்க்க அதை நகர்த்த வேண்டும். ஓரத்தில் நிற்கும் பலகம் என்றால் இந்தத் தொல்லை இல்லை. லிப்ரேஆஃபிஸ் நேவிகேட்டர் ஏற்கெனவே அப்படித்தான் இருக்கிறது. தலைப்பு, அட்டவணை, படம், ஓஎல்இ (வேறு மென்பொருளிலிருந்து கொண்டுவந்து வைத்தவை) எல்லாவற்றையும் வரிசையாகக் காட்டும். இழுத்துப் போடும்போது ஹைப்பர்லிங்காகவா, லிங்காகவா, நகலாகவா என்று மூன்று வழியும் தரும். நாம் மொழிபெயர்க்கும் நீட்சி அந்த வழியில் இன்னும் ஓரடி வைக்கிறது, அவ்வளவுதான்.

சரி, பெயருக்கு வருவோம்.

‘பொருள்’, ‘இணைப்பு’ இரண்டையும் நான் எதிர்க்கிறேன். நிரலாக்கப் பாடத்தில் ‘பொருள்’ இருக்கட்டும், பாதகமில்லை. இங்கே பேசுவது அலுவலக ஆவணம். அலுவலகக் கடிதத்தின் தலையிலேயே ‘பொருள்:’ என்று ஒன்று இருக்கிறது. காலடியில் ‘இணைப்பு:’ என்று இன்னொன்று. ஒரு கிளார்க் ஓரப் பலகத்தில் ‘இணைப்புப் பொருள்’ என்று பார்த்தால் அவர் கண் எங்கே போகும்? கடிதத்தோடு வைத்த நகல்களைப் பற்றித்தான் இது என்று நினைப்பார். மின்னஞ்சலில் அட்டாச்மென்டும் ‘இணைப்பு’, வீட்டுக்கு வருகிற மின்சாரமும் ‘இணைப்பு’. ஏற்கெனவே இத்தனை வேலை பார்க்கிற சொல்லின் தலையில் இதையும் கட்ட வேண்டுமா?

‘பக்கப் பலகம்’ என்பதிலும் இதே சிக்கல். ஆவணத்துக்குள் ‘பக்கம்’ என்றால் ஒன்றாம் பக்கம், இரண்டாம் பக்கம்தான். பக்க எண், பக்க விளிம்பு, பக்க முறிவு என்று பட்டி முழுக்க அதுதான் ஓடுகிறது. அவற்றுக்கு நடுவில் ‘பக்கப் பலகம்’ வந்தால் பக்கங்களைச் சிறிதாகக் காட்டும் பலகம் என்றுதான் படும். ‘ஓரப் பலகம்’ என்றால் குழப்பமில்லை, எழுத்தும் குறைவு.

மூலக் கோப்புக்கு ‘ஆதாரம்’ என்று ஒருவர் எழுதியிருந்தார். தஞ்சாவூரில் அது நன்றாகவே இருக்கும். எங்கள் ஊரில் ஆதாரம் என்றால் நிலப் பத்திரம். மலையாளத்திலிருந்து வந்து தமிழ்ப் பேச்சிலும் ஒட்டிக்கொண்டது. பத்திர எழுத்தர் கடைப் பலகையில் ‘ஆதாரம் எழுத்து’ என்றுதான் இருக்கும். பொத்தானில் ‘ஆதாரத்தை மாற்று’ என்று பார்த்தால் இங்கே ஒரு கிழவர் வக்கீலுக்குப் போன் போட்டுவிடுவார். ‘மூலத்தை மாற்று’ போதும். (மூலத்துக்கும் வேறு அர்த்தம் உண்டு என்று எழுத வருகிறவர்களுக்கு: தெரியும். மூலப் படி, மூலக் கோப்பு என்று படித்துப் பழகியவர்கள் சிரிக்க மாட்டார்கள்.)

‘தொடுப்பு’ என்று எழுதிய நண்பருக்கு: வலைப்பதிவுகளில் அந்தச் சொல் கொஞ்ச காலம் ஓடியது உண்மைதான். ஆனால் ‘அவருக்கு ஒரு தொடுப்பு இருக்கிறது’ என்றால் ஊரில் யாரும் கோப்பைத் தேட மாட்டார்கள். ‘கண்ணி’ எனக்குப் பிடித்தது. மலையாளத்திலும் லிங்குக்கு அதே சொல், பள்ளியில் லிப்ரேஆஃபிஸ் பழகும் எங்கள் பிள்ளைகளுக்கு இரண்டு மொழியிலும் ஒன்றாக இருக்கும். இருந்தாலும் எல்லை தாண்டினால் கண்ணி வைப்பதும் கண்ணிவெடியும் முன்னால் வந்து நிற்கின்றன. மனமில்லாமல்தான் விட்டேன்.

கோபாலபுரத்துக்காரர் தந்த ‘தரவு மடை’யைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். அழகான சொல். மடையைத் திறந்தால் தாளிலிருந்து எண் பாய்கிறது, மூடினால் நிற்கிறது. தண்ணீருக்குக் காத்திருக்கிற ஊரில் இதைவிடப் பொருத்தமாக வேறென்ன சொல்ல முடியும்? ஆனால் மடையை அடைத்தால் வயல் காய்ந்து காட்டும். இங்கே லிங்கை அறுத்தால் எண் காய்வதில்லை. கடைசியாக வந்த கணக்கு பச்சையாகவே நிற்கும், புதிது என்று நம்பி அதிகாரிக்கு அனுப்பிவிடலாம். பயனர் எந்த இடத்தில் ஏமாறுவாரோ அதே இடத்தில் உவமையும் ஏமாற்றுகிறது. அதனால் மடை வேண்டாம்.

‘இணைப்பைத் துண்டி’யும் இதே காரணத்தால் சரியில்லை. துண்டித்தால் விளக்கு அணையும் என்பதுதான் நம் அனுபவம். மின்வாரியத்தார் ஃப்யூஸைப் பிடுங்கிவிட்டுப் போன வீடு ஞாபகம் வரும். இங்கே எதுவும் அணைவதில்லை. ‘விடுவி’ என்று வைக்கலாம். அட்டவணை மூலத்திலிருந்து விடுபடுகிறது, இனி அது ஆவணத்தின் சொத்து.

என் பரிந்துரை இது. லிங்க் செய்தது ‘பிணைத்த தரவு’, எம்பெட் செய்தது ‘பொதித்த தரவு’. இரண்டையும் ஒரே பட்டியலில் காட்டும்போது ஆப்ஜெக்ட்டுக்கு ‘உருப்படி’. பலகத்தின் தலைப்பு ‘தரவு உருப்படிகள்’, போதும். ‘மேலாண்மை’ வேண்டாம், பலகத்தைத் திறக்கிறவர் மேலாளத்தான் திறக்கிறார். பொத்தான்கள்: புதுப்பி, மூலத்தைத் திற, மூலத்தை மாற்று, பூட்டு, விடுவி. ஒவ்வொரு உருப்படிக்கும் கீழே சின்ன எழுத்தில் ‘கடைசியாகப் புதுப்பித்தது’ என்று நாளும் நேரமும் வந்தால், நான் மேலே புலம்பியதில் பாதிக்கு வேலை இருக்காது. அது மொழிபெயர்ப்பாளர் வேலை இல்லை, நிரலாளர்களிடம்தான் கேட்க வேண்டும்.

---

செங்கோட்டையிலிருந்து மறுமொழி:

அண்ணாச்சி, ‘ஓரப் பலகம்’ ரொம்பச் சரி. ஆனா ‘உருப்படி’ன்னு சொன்னா எங்க ஊர்ல சலவைக்குப் போடுற துணிக் கணக்குதான் ஞாபகம் வருது. அப்புறம், ‘பிணை’ கோர்ட் வார்த்தை இல்லையா? ஜாமீன்ல எடுத்த தரவு மாதிரி இருக்கே.

---

தங்கச்சிக்கு,

சலவைக் கணக்கு ஞாபகம் வருவது எனக்குச் சாதகம்தான். எண்ணிக் கொடுத்து எண்ணி வாங்குகிற ஒவ்வொன்றும் உருப்படி. பலகமும் அதைத்தான் செய்கிறது. கச்சேரி மேடையிலும் ‘அடுத்த உருப்படி’ என்கிறார்களே, அங்கே யாரும் துணியை நினைப்பதில்லை.

பிணை பற்றி நீங்கள் கேட்டது நியாயம். பெயர்ச்சொல்லாக ‘பிணைத் தரவு’ என்று எழுதினால் நீதிமன்ற வாசனை அடிக்கும். ‘பிணைத்த தரவு’ என்று வினையாக வைத்தால் கயிறுதான் தெரியும், ஜாமீன் தெரியாது. ஆகவே எல்லாச் சரங்களிலும் (மொழிபெயர்க்கும் வரிகளிலும்) அந்த ‘த்த’ விட்டுப்போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ‘பிணைப்பு’ என்ற வடிவம் வர வேண்டிய இடம் நிலையைக் காட்டும் வரி ஒன்றுதான். அங்கேயும் ‘பிணைப்பு இல்லை’ என்று எழுதுவதைவிட ‘மூலம் கிடைக்கவில்லை’ என்று எழுதினால், எதைத் தேட வேண்டும் என்று படிக்கிறவருக்கு உடனே தெரியும்.

இன்னொரு சிக்கலும் இருக்கிறது. வேர்டில் ‘லாக்’ செய்தால் அந்த ஓர் உருப்படி மட்டும் புதுப்பிக்கப்படாமல் நிற்கும். கோப்புக்குக் கடவுச்சொல் போடுவதையும் நாம் ‘பூட்டு’ என்றே மொழிபெயர்த்து வைத்திருக்கிறோம். இரண்டும் ஒரே திரையில் வந்தால் குழம்பும். உருப்படிக்கு ‘நிறுத்திவை’ என்று மாற்றலாமா? செங்கோட்டைப் பக்கம் அதற்கு வேறு பொருள் ஏதும் இருந்தால் இப்போதே சொல்லிவிடுங்கள், கோப்பை அனுப்புவதற்கு முன்னால் திருத்திவிடலாம்.