மலையாளத்தில் உயில், தமிழில் கையெழுத்து – தோப்பு யாருக்கு?

தோப்புக்காரர் மகள்:
அப்பா ஐப்பசியில் தவறிவிட்டார். அம்மா முன்பே இல்லை. அண்ணன், நான், தங்கை என்று மூன்று பேர். கேரளத்தில் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் தென்னந்தோப்பு, எல்லை தாண்டித் தமிழ்நாட்டில் பொள்ளாச்சித் தாலுகாவில் கொஞ்சம் மேட்டாங்காடு. இரண்டும் அப்பா சம்பாதித்து வாங்கியவை.

கருமாதி முடிகிறவரை வாயே திறக்காத அண்ணன், தை பிறந்ததும் ஓர் உயிலை நீட்டுகிறான். எல்லாம் அவனுக்காம். வெள்ளைத்தாள், பதிவு கிடையாது, முழுக்க மலையாளம். அப்பா மலையாளம் சரளமாகப் பேசுவார், ஆனால் ஓர் எழுத்து படிக்கத் தெரியாது. பஸ் போர்டைக்கூட என்னிடம்தான் கேட்பார். அடியில் மட்டும் தமிழில் கையெழுத்து. சாட்சிகளில் ஒருவர் அண்ணனின் மச்சினன், இன்னொருவர் யாரென்றே தெரியவில்லை.

வில்லேஜ் ஆபீஸில் போக்குவரவுக்கு, அதாவது தோப்பைத் தன் பெயருக்குப் பட்டா மாற்ற, எழுதிக் கொடுத்துவிட்டானாம். இங்கொரு கேஸ், அங்கொரு கேஸ் என்று அலைய வேண்டுமா?

வேலந்தாவளம் தம்பி:
வெள்ளைத்தாள்தானே அக்கா, செல்லவே செல்லாது. மச்சினன் சாட்சி வேறயா? கவலையை விடுங்க.

பழைய ஆதாரக்காரர்:
தம்பி சொல்வதை நம்பி இருந்துவிடாதீர்கள் அம்மா. பாலக்காட்டுச் சித்தூரில் ஆதாரம், அதாவது சொத்துப் பத்திரம், எழுதிப் பிழைத்தவன் நான். உயிலுக்கு முத்திரைத்தாள் வேண்டாம், பதிவும் கட்டாயமில்லை. மச்சினன் சாட்சி போட்டான் என்பதற்காகவே அது விழாது.

விழக்கூடிய இடம் வேறு. 1925 வாரிசுரிமைச் சட்டம் 63-ஆம் பிரிவுப்படி இரண்டு சாட்சிகள் வேண்டும். உங்கள் அண்ணன்தான் அவர்களில் ஒருவரையாவது கூண்டில் ஏற்றி, ‘அவர் கையெழுத்துப் போட்டதை நான் பார்த்தேன், அவர் முன்னால் நானும் போட்டேன்’ என்று சொல்ல வைக்க வேண்டும். சந்தேகம் இருந்தால் அதைத் தீர்க்கிற பொறுப்பும் அவருடையதே. 1959-இல் வெங்கடாசல அய்யங்கார் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைச் சொல்லியாயிற்று. படிக்கத் தெரியாத மொழியில் எழுதிய உயிலை அப்பாவுக்கு யார் வாசித்துக் காட்டினார்கள்? உயிலில் அப்படி ஒரு வரி இருக்கிறதா? முதலில் அதைப் பாருங்கள். அப்புறம் அந்தத் தேதியில் அப்பா எங்கே இருந்தார் என்று பாருங்கள்.

போக்குவரவுக்கு ஆட்சேபம் எழுதிக் கொடுத்து, வாங்கிக்கொண்டதற்கு ரசீது கேளுங்கள். நடந்துவிட்டாலும் அது நிலவரி கட்டத்தான், சொத்துரிமை அதனால் வந்துவிடாது. இரண்டு கேஸும் வேண்டாம். சிவில் நடைமுறைச் சட்டம் 17-ஆம் பிரிவில் எந்தப் பக்கத்துக் கோர்ட்டிலும் இரண்டு நிலத்துக்கும் சேர்த்து ஒரே பாகப்பிரிவினை வழக்குப் போடலாம். தோப்புதான் பெரிதென்றால் பாலக்காட்டுப் பக்கமே போடுங்கள். உயில் விழுந்தால் மூவருக்கும் சம பங்கு.

தோப்புக்காரர் மகள்:
தேதியைப் பார்த்தேன் ஐயா. அந்த வாரம் முழுக்க அப்பா இடுப்பு எலும்பு முறிந்து கோயம்புத்தூரில் ஆஸ்பத்திரியில் இருந்தார். டிஸ்சார்ஜ் சீட்டு தங்கையிடம் இருக்கிறது. உயிலில் ‘வீட்டில் வைத்து ஒப்பிட்டது’, அதாவது வீட்டில் கையெழுத்துப் போட்டது, என்று எழுதியிருப்பதாகப் பக்கத்து வீட்டுச் சேச்சி படித்துச் சொன்னார். வாசித்துக் காட்டியதாக ஒரு வரியும் இல்லையாம்.

இதைக் கேட்டதிலிருந்து அண்ணன் குரல் இறங்கிவிட்டது. தேங்காய் விற்ற பணத்தில் பங்கு தருகிறேன் என்கிறான். வாங்கலாமா?

பழைய ஆதாரக்காரர்:
தாராளமாக வாங்குங்கள், பேங்க் கணக்கில். ‘சும்மா ஒரு கையெழுத்து’ என்று எந்தத் தாளை நீட்டினாலும் வக்கீல் பார்க்காமல் போடாதீர்கள். டிஸ்சார்ஜ் சீட்டின் அசலை மட்டும் யாரிடமும் கொடுத்துவிடாதீர்கள், அண்ணனிடம் நகல்கூட வேண்டாம்.